பாட்டி பெயரில் ஒரு புரட்சிப் படகு

எங்கள் கல்லூரியில் சேகுவேரா படம் போட்ட டி-ஷர்ட் இல்லாத வகுப்பே கிடையாது. பைக் பெட்ரோல் டேங்கில், ஹாஸ்டல் அறைக் கதவில், செல்போன் கவரில்... எங்கு பார்த்தாலும் அந்த நட்சத்திரத் தொப்பி. போன மாதம் பக்கத்து பெஞ்சு நண்பனிடம் சும்மா கேட்டேன். "சே அர்ஜென்டினாக்காரர்தானே? கியூபாவுக்கு எப்படிடா போனார்?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஃப்ளைட்லதான் போயிருப்பாரு" என்றான்.

சிரித்தேன். ஆனால் "சரி, நீ சொல்லு" என்று அவன் திருப்பிக் கேட்டபோது, "ஏதோ ஒரு படகில்" என்பதற்கு மேல் எனக்கும் தெரியவில்லை. அந்த வெட்கத்தில் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை. நான் படிப்பது பி.காம். வரலாறு என் பாடம் இல்லை. தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படகின் பெயர் கிரான்மா. ஆங்கிலத்தில் பாட்டியைச் செல்லமாகக் கூப்பிடும் சொல். படகின் முதல் உரிமையாளரான அமெரிக்கர் தன் பாட்டி நினைவாக அந்தப் பெயரை வைத்ததாகச் சொல்கிறார்கள். அமெரிக்காவை வாழ்நாள் முழுக்க எதிர்த்த ஒரு அரசாங்கம், ஒரு அமெரிக்கப் பாட்டியின் பெயரைத் தன் நாளிதழுக்கும், ஒரு மாகாணத்துக்கும், ஒரு தேசியப் பூங்காவுக்கும் வைத்திருக்கிறது. இந்த வேடிக்கையில்தான் எனக்கு முதலில் ஆர்வம் பிடித்தது. படிக்கப் படிக்க வேடிக்கை குறைந்துவிட்டது.

மெக்சிகோவுக்கு ஏன் போனார்கள்?

1952 மார்ச் 10 அன்று கியூபாவில் ராணுவப் புரட்சி நடந்தது. ஃபுல்ஹென்சியோ பாடிஸ்டா, கார்லோஸ் பிரியோ சொக்கராஸ் என்ற ஜனாதிபதியை விரட்டிவிட்டு ஆட்சியைப் பிடித்தார். அந்த வருடம் நடக்க இருந்த தேர்தல் ரத்தானது. அந்தத் தேர்தலில் நிற்கத் தயாராக இருந்தவர்களில் ஒருவர் ஃபிடல் காஸ்ட்ரோ என்ற இளம் வக்கீல். ஓட்டுக் கேட்கப் போக வேண்டியவர் துப்பாக்கி எடுத்த கதை இங்கேதான் தொடங்குகிறது.

1953 ஜூலை 26 அன்று சாந்தியாகோ நகரத்தில் இருந்த மொன்கடா ராணுவ முகாமைத் தாக்கினார்கள். படுதோல்வி. சண்டையில் இறந்தவர்களைவிடப் பிடிபட்ட பிறகு கொல்லப்பட்டவர்கள் அதிகம். ஃபிடலுக்கு 15 வருடச் சிறை. 1955 மே மாதம் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார். ஜூலையில் மெக்சிகோ போனார். அங்கேதான் எர்னஸ்டோ குவேரா என்ற ஆஸ்துமாக்கார டாக்டரைச் சந்தித்தார். ஒரே இரவுப் பேச்சில் அந்த டாக்டர் குழுவில் சேர்ந்துவிட்டார் என்பார்கள்.

கடல் வழியாக வந்து கியூபாவில் இறங்குவது ஃபிடல் கண்டுபிடித்த யோசனை இல்லை. கியூபர்கள் தேசத் தந்தையாகக் கொண்டாடும் ஹோசே மார்த்தி, 1895 ஏப்ரலில் ஐந்து பேரோடு ஒரு சிறு படகில் இருட்டில் வந்து இறங்கினார். ஸ்பெயினுக்கு எதிரான அந்தப் போரில் அடுத்த மாதமே இறந்தும் போனார். ஃபிடல் நடக்க நினைத்தது மார்த்தி போட்ட பாதையில். அந்தப் பாதையின் முடிவில் மரணம் இருந்ததும் அவருக்குத் தெரியும்.

ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசுப் படையில் இருந்த ஆல்பர்ட்டோ பாயோ என்ற பழைய ராணுவ அதிகாரி, மெக்சிகோவில் இந்த இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மலை ஏறுவது, இரவில் நடப்பது, குறி பார்த்துச் சுடுவது. 1956 ஜூனில் மெக்சிகோ போலீஸ் ஃபிடலையும் சேயையும் இன்னும் பலரையும் பிடித்து உள்ளே போட்டது. வெளியே வந்ததும் மறுபடி பயிற்சி. 1956 முடிவதற்குள் கியூபாவில் இறங்குவோம், இல்லையென்றால் உயிரை விடுவோம் என்று ஃபிடல் பகிரங்கமாகவே அறிவித்திருந்தார். எதிரிக்குத் தேதி சொல்லிவிட்டுப் படையெடுத்த ஆட்களை வேறு எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

பணமும் படகும்

காமர்ஸ் மாணவனுக்கு முதலில் வரும் சந்தேகம்: காசு எங்கிருந்து வந்தது?

நன்கொடை வசூல் போதவில்லை. 1956 செப்டம்பரில் ஃபிடல் ரியோ கிராண்டே ஆற்றை நீந்திக் கடந்து, விசா இல்லாமல் அமெரிக்க எல்லைக்குள் நுழைந்து, டெக்சாஸ் மாநிலத்தின் மெக்கலன் என்ற ஊரில் ஒருவரைச் சந்தித்தார். யார் தெரியுமா? பாடிஸ்டா விரட்டிய அதே முன்னாள் ஜனாதிபதி பிரியோ. அவருடைய ஊழலைத் திட்டித் திட்டித்தான் ஃபிடல் அரசியலில் பெயர் எடுத்திருந்தார். இப்போது அவரிடமே கை நீட்ட வேண்டியிருந்தது. பிரியோவும் கொடுத்தார்.

கடற்படை விமானம், கடலோரக் காவல் படகு என்று முதலில் பெரிதாகத்தான் யோசித்தார்கள். எதுவும் அமையவில்லை. கடைசியில் மெக்சிகோவின் வெராக்ரூஸ் மாநிலத்தில் டுக்ஸ்பான் ஆற்றங்கரையில் ஒரு பழைய படகு கண்ணில் பட்டது. குழுவுக்குத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்த அன்டோனியோ டெல் கொண்டே என்ற மெக்சிகோ ஆயுத வியாபாரி, தனக்காகப் பார்த்து வைத்திருந்த படகு அது. ஃபிடல் பார்த்தார், பிடித்துவிட்டது. 1956 அக்டோபரில் டெல் கொண்டே பெயரிலேயே வாங்கினார்கள். ஃபிடல் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை.

1943-ல் கட்டிய படகு அது. சுமார் 60 அடி, அதாவது 18 மீட்டர் நீளம். இரண்டு டீசல் என்ஜின். பணக்காரர்கள் குடும்பத்தோடு உல்லாசமாகப் போய் வர உதவும் ரகம். போர்ப் படகுக்கு உரிய அம்சம் ஒன்று கூடக் கிடையாது. வசதியாக 12 பேர் போகலாம். நம் ஊர் டவுன் பஸ் ஒன்றரை நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஏறியவர்கள் 82 பேர்.

விளக்கை அணைத்துவிட்டு...

நவம்பரில் மெக்சிகோ சிட்டியில் ஒரு வீட்டில் பதுக்கியிருந்த ஆயுதங்களைப் போலீஸ் கைப்பற்றியது. பயிற்சி முகாமிலிருந்து இரண்டு பேர் ஓடிப்போனார்கள். இனி ஒரு நாள் தாமதித்தாலும் எல்லாம் போய்விடும் என்ற நிலைமை. பல ஊர்களில் சிதறியிருந்தவர்களுக்குத் தகவல் போனது. பஸ்ஸிலும் காரிலும் இரண்டு மூன்று பேராக டுக்ஸ்பான் வந்து சேர்ந்தார்கள். எங்கே போகிறோம் என்பது பலருக்குப் படகைப் பார்க்கும் வரை தெரியாது. படகைப் பார்த்ததும், இது பெரிய கப்பலுக்குக் கொண்டுபோய் விடும் சின்னப் படகு போலிருக்கிறது என்று நினைத்தவர்களும் உண்டாம்.

துப்பாக்கி, தோட்டா, சீருடை, இரண்டு பீரங்கித் துப்பாக்கிகள் ஏறின. ஆரஞ்சுப் பழம், டின் பால், பன்றித் தொடைக்கறி, முட்டை, சாக்லேட், ரொட்டி ஏறின. டேங்கில் இருந்த டீசல் அவ்வளவு தூரத்துக்குப் பத்தாது என்பதால் கேன் கேனாக டீசலை மேல்தளத்திலேயே அடுக்கினார்கள். இடம் இல்லாமல் கரையில் விடப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஒரு வருடம் பயிற்சி எடுத்துவிட்டு, கடைசி நிமிடத்தில் "நீ வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டு ஆற்றங்கரையில் நின்றவர்களை நினைத்துப் பாருங்கள்.

1956 நவம்பர் 25, நள்ளிரவு தாண்டிய நேரம். மழை, காற்று. சின்னப் படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று துறைமுகத்தில் தடை. விளக்குகளை அணைத்துவிட்டு, சத்தம் கேட்காமல் இருக்க ஒரே ஒரு என்ஜினை மெதுவாக ஓட்டி, கிரான்மா ஆற்றிலிருந்து கடலுக்குள் நழுவியது. திறந்த கடலுக்கு வந்த பிறகுதான் விளக்கைப் போட்டு, கியூபா தேசிய கீதம் பாடினார்கள்.

பாட்டு ரொம்ப நேரம் நீடிக்கவில்லை. அலை அடித்த அடியில் ஏறக்குறைய எல்லோருக்கும் குமட்டலும் வாந்தியும். டாக்டரான சே வாந்தி மாத்திரையைத் தேடுகிறார், கிடைக்கவில்லை. அவருக்கே ஆஸ்துமா வந்துவிட்டது, அதற்கும் மருந்து எடுத்து வரவில்லை. இதற்கு நடுவில் படகுக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியது. பம்பு வேலை செய்யவில்லை. வாளியால் அள்ளி அள்ளிக் கடலில் ஊற்றினார்கள். பாரத்தைக் குறைக்கச் சில பொருட்களைத் தூக்கிப் போட்டார்கள். படகு உடைந்துவிட்டது, கதை முடிந்தது என்று நினைத்த நேரத்தில் காரணம் தெரிந்தது. கழிவறைக் குழாய் ஒன்று திறந்தே கிடந்திருக்கிறது! ஒரு குழாயை மூடாததால் நடுக்கடலில் முடிந்திருக்க வேண்டிய புரட்சி. சே பின்னாளில் இந்தக் காட்சியை எழுதும்போது வீரத்தைப் பற்றி எழுதவில்லை. பரிதாபமும் சிரிப்பும் கலந்துதான் எழுதினார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான், டி-ஷர்ட்டில் இல்லை.

படகில் இருந்தவர்கள் எல்லோரும் கியூபர்கள் இல்லை. அர்ஜென்டினாவின் சே, இத்தாலியின் ஜீனோ தோனே, மெக்சிகோவின் அல்ஃபோன்சோ கில்லன் செலாயா, டொமினிக்கன் குடியரசின் ரமோன் மெஹியாஸ் என்று நான்கு பேர் வெளிநாட்டவர்கள். சுக்கான் பிடித்தவர் நோர்பர்ட்டோ கொல்லாடோ என்ற கருப்பின மாலுமி. இரண்டாம் உலகப் போரில் கியூபா கடற்படையில் இருந்தவர். 1943 மே மாதம் ஜெர்மனியின் யு-176 நீர்மூழ்கிக் கப்பலை கியூபாவின் சின்னக் கப்பல் ஒன்று மூழ்கடித்தது. அந்த நீர்மூழ்கியின் ஓசையைக் கருவியில் கேட்டுக் கண்டுபிடித்தவர் இவர்தான். அதே வருடம் கட்டப்பட்ட படகைத்தான் 13 வருடம் கழித்து ஓட்டிக்கொண்டு போனார்.

சாந்தியாகோ காத்திருந்தது

திட்டப்படி நவம்பர் 30 அன்று கரை சேர வேண்டும். அன்று காலை சாந்தியாகோ நகரத்தில் கலகம் வெடிக்கும், ராணுவத்தின் கவனம் அங்கே திரும்பும், இங்கே படகு இறங்கும். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் 12 பேர் படகில் 82 பேர் ஏறினால் வேகம் என்ன ஆகும் என்பது அந்தக் கணக்கில் சேரவில்லை. என்ஜின் கோளாறு வேறு.

சாந்தியாகோ கலகத்தை நடத்தியவர் ஃபிராங்க் பாயிஸ். பாப்டிஸ்ட் பாதிரியார் மகன், பள்ளி ஆசிரியர். சொன்ன தேதியில், சொன்னபடி, பச்சைச் சீருடையும் சிவப்பு-கருப்புக் கைப்பட்டையும் அணிந்து அவருடைய ஆட்கள் தெருவில் இறங்கினார்கள். போலீஸ் தலைமையகத்தைத் தாக்கினார்கள். பெப்பிட்டோ டே, டோனி அலோமா, ஓட்டோ பரெல்லாடா என்ற மூன்று தோழர்கள் இறந்தார்கள். படகு வரவில்லை. நடுக்கடலில் தத்தளித்தபடி, ரேடியோவில் அந்தச் செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்தார் ஃபிடல். பறந்து போய்விட முடிந்தால் என்று அவர் தவித்ததாகச் சொல்கிறார்கள்.

அன்று ஃபிராங்க் பாயிஸுக்கு வயது 21. என் வயதுதான். அடுத்த வருடம் ஜூலை 30 அன்று சாந்தியாகோ தெருவில் போலீஸ் அவரைச் சுட்டுக் கொன்றது. அவர் படம் போட்ட டி-ஷர்ட்டை நான் எங்கும் பார்த்ததில்லை.

அதே நேரம் தென்மேற்குக் கடற்கரையில் லாரி, டீசல், ஆட்கள் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிட்டு இன்னொருவர் காத்திருந்தார். செலியா சாஞ்செஸ், ஒரு டாக்டரின் மகள். அந்தப் பகுதி விவசாயிகளை ஒவ்வொரு குடும்பமாகத் தெரிந்தவர். நாட்கள் போயின. படகு வரவில்லை. கடைசியில் ஆட்களைக் கலைக்க வேண்டியதாயிற்று.

கரை வந்தது, தரை வரவில்லை

டிசம்பர் 1 நள்ளிரவு. கேப் குரூஸ் கலங்கரை விளக்கத்தைத் தேடுகிறார்கள். படகின் கூரை மேல் ஏறிப் பார்த்துக்கொண்டிருந்த வழிகாட்டி ரொபர்ட்டோ ரோக்கே கடலில் விழுந்துவிட்டார். கும்மிருட்டு. டீசல் தீரும் நிலை. விடிவதற்குள் இறங்காவிட்டால் விமானம் வந்துவிடும். ஃபிடல் படகைத் திருப்பச் சொன்னார். வட்டமடித்து, விளக்கடித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தேடி, ரொம்ப நேரம் கழித்து ரோக்கேயைக் கண்டுபிடித்துத் தூக்கினார்கள்.

இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 82 பேரின் உயிரும் ஒரு நாட்டின் தலைவிதியும் ஒரு பக்கம், ஒரு ஆள் ஒரு பக்கம். எங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கும் லாப நஷ்டக் கணக்குப்படி அவரை விட்டுவிட்டுத்தான் போயிருக்க வேண்டும். போகவில்லை. போயிருந்தால் மீதி 81 பேர் அடுத்த வாரம் அந்தத் தலைவனை நம்பியிருப்பார்களா என்பதும் சந்தேகமே.

டிசம்பர் 2 விடியற்காலை, லாஸ் கொலராடாஸ் கடற்கரைக்கு அருகில் கிரான்மா சேற்றில் செருகி நின்றது. இறங்க நினைத்த இடம் அது இல்லை. எதிரில் மணல் கரை இல்லை, அலையாத்திக் காடு. இடுப்பளவு, சில இடத்தில் மார்பளவு சேற்றுத் தண்ணீர். வேர்களில் கால் சிக்க, கொசு பிய்க்க, மணிக்கணக்கில் நடந்துதான் உறுதியான தரையைத் தொட்டார்கள். கனமான ஆயுதங்களில் பெரும்பகுதி படகிலேயே போனது. இது தரை இறக்கம் இல்லை, கப்பல் விபத்து என்று அந்தக் குழுவில் இருந்தவர்களே பின்னர் கேலியாகச் சொன்னார்கள். படகு நிற்பது தெரிந்து ராணுவம் வந்தது, விமானம் வந்தது.

மூன்று நாள் நடந்தார்கள். பசிக்குக் கரும்பு ஒடித்துத் தின்று, சக்கையைத் துப்பிக்கொண்டே போனார்கள். பின்னால் வருபவனுக்கு அதைவிட நல்ல அடையாளம் வேண்டுமா? கூட வந்த வழிகாட்டியும் காட்டிக்கொடுத்துவிட்டான். டிசம்பர் 5 அன்று அலெக்ரியா டி பியோ என்ற இடத்தில் காலணியைக் கழற்றி வைத்துக் களைத்து உட்கார்ந்திருந்தவர்கள் மேல் குண்டு மழை பொழிந்தது. சே கழுத்தில் அடிபட்டார். ஓடும்போது அவர் காலடியில் ஒரு மருந்துப் பெட்டி, ஒரு தோட்டாப் பெட்டி. இரண்டையும் தூக்க முடியாது. டாக்டர் தோட்டாப் பெட்டியை எடுத்தார்.

82 பேரும் சிதறிப் போனார்கள். சண்டையில் செத்தவர்கள் சிலர். பிடிபட்ட பிறகு சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் பலர். இரண்டாம் தலைவர் ஹுவான் மானுவெல் மார்க்கெஸ் அப்படித்தான் கொல்லப்பட்டார். சேயை ஃபிடலின் ஆட்களுக்கு முதன்முதலில் அறிமுகம் செய்தவர்களில் ஒருவரான நிக்கோ லோபெஸும் செத்துப்போனார்.

ஃபிடல் இரண்டே இரண்டு தோழர்களோடு ஒரு கரும்புத் தோட்டத்தில் சருகுக்கு அடியில் ஐந்து நாள் படுத்துக் கிடந்தார். பேசினால் கிசுகிசுப்புத்தான். தூங்கும்போது துப்பாக்கி முனையைத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு தூங்கினாராம், உயிரோடு பிடிபடக் கூடாது என்று. இதற்குள் ஃபிடல் இறந்துவிட்டார் என்று அமெரிக்கச் செய்தி நிறுவனமே செய்தி போட்டுவிட்டது.

டிசம்பர் 18 அன்று சிங்கோ பால்மாஸ் என்ற இடத்தில் ஃபிடலும் தம்பி ராவுலும் சந்தித்தார்கள். "எத்தனை துப்பாக்கி கொண்டு வந்தாய்?" என்று அண்ணன் கேட்க, தம்பி ஐந்து என்றார். தன்னிடம் இரண்டு. மொத்தம் ஏழு. இனி போரில் ஜெயித்துவிட்டோம் என்றார் ஃபிடல். சில நாள் கழித்து வந்த சே குழுவினர் துப்பாக்கிகளை ஒரு வீட்டில் விட்டுவிட்டு வந்ததால் நன்றாகத் திட்டு வாங்கினார்கள்.

மிஞ்சியவர்கள் 12 பேர் என்று ஒரு கதை உண்டு. ஏசுவின் சீடர்கள் கணக்கு! உண்மையில் மலையில் ஒன்று சேர்ந்தவர்கள் கிட்டத்தட்ட இருபது பேர். ஆனால் 12 என்ற எண் காதுக்கு இனிமை, அதனால் அதுவே நின்றுவிட்டது. 1957 ஜனவரி 17 அன்று லா பிளாட்டா என்ற சின்ன ராணுவச் சாவடியைப் பிடித்ததுதான் முதல் வெற்றி. 1959 ஜனவரி 1 அன்று பாடிஸ்டா நாட்டை விட்டு ஓடினார். சேற்றில் இறங்கிய நாளிலிருந்து 25 மாதம்.

இன்னொரு படகு

இதோடு கட்டுரையை முடித்திருக்கலாம். ஆனால் தேடும்போது கொரிந்தியா என்ற இன்னொரு படகு கண்ணில் பட்டது.

1957 மே மாதம், கிரான்மா வந்து ஆறு மாதத்துக்குள், மயாமியிலிருந்து கொரிந்தியா புறப்பட்டது. தலைவர் கலிக்ஸ்டோ சாஞ்செஸ். காசு கொடுத்தவர் அதே பிரியோ. இறங்கிய இடம் அதே ஓரியன்டே மாகாணத்தின் வடக்குக் கரை. நோக்கம் அதே பாடிஸ்டாவை விரட்டுவது. இறங்கியவர்கள் 27 பேர். சில நாட்களில் பிடிபட்டார்கள். தலைவர் உட்படப் பெரும்பாலோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொரிந்தியா பெயரில் மாகாணமும் இல்லை, பத்திரிகையும் இல்லை.

ஒரே காசு, ஒரே எதிரி, ஒரே மாகாணம். வித்தியாசம் எங்கே? வீரத்தில் இல்லை. கொரிந்தியாவில் வந்தவர்களும் உயிரைக் கொடுக்கத்தான் வந்தார்கள். வித்தியாசம் கரையில் இருந்தது. கிரான்மா ஆட்கள் சிதறி ஓடியபோது அவர்களை ஒவ்வொரு குடிசையாக மறைத்து, சோறு போட்டு, மாற்றுத் துணி கொடுத்து மலைக்குக் கொண்டு சேர்க்க செலியா சாஞ்செஸ் பின்னிய வலை இருந்தது. கிரெசென்சியோ பெரெஸ், கியெர்மோ கார்சியா மாதிரி அந்தப் பகுதி விவசாயிகள் இருந்தார்கள். பிறகு ஆளும் ஆயுதமும் அனுப்ப சாந்தியாகோவில் ஃபிராங்க் பாயிஸ் இருந்தார். இவர்கள் யாரும் கிரான்மாவில் ஏறவில்லை.

அதாவது, படகு சரியான நேரத்துக்கு வரவில்லை, சரியான இடத்துக்கும் வரவில்லை, கொண்டு வந்த ஆயுதத்தையும் காப்பாற்றவில்லை. கரையில் நின்றவர்கள்தான் காப்பாற்றினார்கள். ஆனால் சின்னமானது படகு. கண்ணாடிக்குள் ஒரு படகை வைக்கலாம். ஒரு குடிசையில் யாரோ ஊற்றிக் கொடுத்த காப்பியை எப்படி வைப்பது?

படகுக்கு என்ன ஆனது?

1959 வெற்றிக்குப் பிறகு கிரான்மா ஹவானா துறைமுகத்துக்கு வந்தது. பாதுகாக்கும் பொறுப்பு யாருக்குக் கிடைத்தது தெரியுமா? சுக்கான் பிடித்த அதே கொல்லாடோவுக்கு. 1965 அக்டோபரில் இரண்டு பத்திரிகைகளை இணைத்து கியூபா கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கிய அதிகாரபூர்வ ஏட்டின் பெயர் 'கிரான்மா'. 1976-ல் ஓரியன்டே மாகாணத்தை ஐந்தாகப் பிரித்தபோது, படகு இறங்கிய பகுதிக்குக் கிரான்மா மாகாணம் என்று பெயர் வந்தது. அந்தக் கடற்கரையை ஒட்டிய தேசியப் பூங்கா 1999-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அது புரட்சிக்காக இல்லை, படிப்படியாகக் கடலுக்குள் இறங்கும் அதன் சுண்ணாம்புப் பாறை அமைப்புக்காக. டிசம்பர் 2 கியூபாவின் ராணுவ தினம்.

1976-லிருந்து படகு ஹவானாவில் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள் நிற்கிறது. அதை ஒட்டியிருக்கும் புரட்சி அருங்காட்சியகம் எந்தக் கட்டடம் என்றால், பாடிஸ்டா குடியிருந்த ஜனாதிபதி மாளிகை. விரட்ட வந்த படகு விரட்டப்பட்டவரின் கொல்லைப்புறத்தில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது.

கணக்குப் பதிவியலில் தேய்மானம் என்று ஒன்று சொல்லிக் கொடுப்பார்கள். மெஷின், லாரி, படகு எதுவானாலும் வருடா வருடம் மதிப்பு குறையும், ஒரு நாள் பழைய இரும்பு விலைக்கு வரும். கிரான்மாவின் கணக்கு தலைகீழ். ஓடிய வரை பழைய படகு. ஓடாமல் நின்ற பிறகுதான் மதிப்பு ஏறியது. ஆனால் இந்த மதிப்பை யார் எழுதுகிறார்கள் என்று கேட்க வேண்டும். எங்கள் ஆடிட்டிங் சார் அடிக்கடி சொல்வார், கணக்கு எழுதினவனே கணக்கைச் சரிபார்க்கக் கூடாது என்று. கிரான்மாவின் கணக்கை எழுதியவர்களும் சரிபார்த்தவர்களும் ஜெயித்த அதே ஆட்கள்.

அந்தக் கணக்கில் வராத படகுகளும் உண்டு. 1980-ல் மாரியல் துறைமுகத்திலிருந்து சில மாதங்களில் சுமார் 1,25,000 கியூபர்கள் படகு படகாக அமெரிக்கா போனார்கள். 1994-ல் சுமார் 35,000 பேர் டயர் ட்யூபையும் பலகையையும் கட்டி அதில் ஏறிப் போனார்கள். அதே 1994 ஜூலை 13 அன்று 'மார்ச் 13' என்ற இழுவைப் படகைக் கடத்தித் தப்ப முயன்றவர்களில் சுமார் 40 பேர் ஹவானாவுக்கு அருகில் கடலில் மூழ்கி இறந்தார்கள். பலர் குழந்தைகள். துரத்தி வந்த அரசுப் படகுகள் மோதியும் தண்ணீரைப் பீய்ச்சியும் மூழ்கடித்தன என்றார்கள் உயிர் தப்பியவர்கள். விபத்து என்றது அரசு. 2022 நிதியாண்டில் மட்டும் அமெரிக்க எல்லையில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கியூபர்கள் பதிவானார்கள். அவர்களில் பெரும்பாலோர் வந்த வழி மெக்சிகோ.

இதைச் சொல்வதால் புரட்சியே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. 1961-ல் ஒரே வருடத்தில் நாடு முழுக்க எழுத்தறிவு இயக்கம் நடத்தியது அந்த அரசுதான். கிராமத்துக்கும் டாக்டரைக் கொண்டுபோனது அந்த அரசுதான். அமெரிக்காவின் பொருளாதாரத் தடை மக்களைப் படுத்திய பாடும் உண்மைதான். பாடிஸ்டா காலத்தில் தேர்தல் இல்லை என்று துப்பாக்கி எடுத்தவர்கள், தாங்கள் ஆட்சிக்கு வந்த பிறகு எதிர்க்கட்சி நிற்கும் தேர்தலை நடத்தவே இல்லை என்பதும் உண்மைதான். எல்லாவற்றையும் ஒரே பேரேட்டில் எழுதினால்தான் கணக்கு டேலி ஆகும்.

எனக்கு என்னவோ கிரான்மாவில் மிகப் பெரிய விஷயம் என்று தோன்றுவது, கடலில் விழுந்த ரோக்கேவுக்காகப் படகு திரும்பியதுதான். நேரம் இல்லை, டீசல் இல்லை, ஆனாலும் ஒரு ஆளுக்காகத் திருப்பினார்கள். அந்த ஒரு மணி நேரத்தை அப்படியே கண்ணாடிக்குள் வைத்துக் காப்பாற்ற முடிந்திருந்தால், பின்னால் டயர் ட்யூபில் போனவர்களின் கதை வேறு மாதிரி இருந்திருக்குமோ என்னவோ.

ஒரு கடைசித் தகவல். கிரான்மா டுக்ஸ்பானிலிருந்து புறப்பட்டது 1956 நவம்பர் 25. ஃபிடல் காஸ்ட்ரோ இறந்தது 2016 நவம்பர் 25. சரியாக 60 வருடம்.

இதையெல்லாம் கேண்டீனில் உட்கார்ந்து நண்பனிடம் சொன்னேன். முழுசாகக் கேட்டான். கடைசியில் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இடமில்லைன்னு கரையில விட்டுட்டுப் போனாங்களே, அவங்க என்னடா ஆனாங்க?"

இப்போது அவர்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.